சரிவு நிலத்துக்கு எந்த அளவு டிராக்டர்? 20, 30, 45 ஹெச்பி: ஓர் ஒப்பீடு

மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் நிலத்துக்கு டிராக்டர் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். 20 ஹெச்பி (எஞ்சினின் குதிரைத்திறன்) போதுமா, 30 எடுக்கலாமா, எதற்கு வம்பு என்று 45-க்கே போய்விடலாமா? சமநிலத்தில் ஹெச்பியை வைத்து ஆரம்பிப்பதில் தப்பில்லை. சரிவில் அந்த எண் மூன்றாவதாகத்தான் வர வேண்டும். முதலில் எடை, அடுத்து அகலம், அப்புறம்தான் ஹெச்பி.

எஞ்சின் திறன் கொஞ்சம் குறைந்தால் ஏற்றத்தில் வண்டி திணறும். கீழ் கியரில் போட்டு மெதுவாக ஏறிக்கொள்ளலாம், நேரம்தான் போகும். எடை பற்றாமல் போனால் இறக்கத்தில் பின்னால் வரும் சுமை டிராக்டரையே தள்ளிக்கொண்டு போகும். அகலம் பற்றாமல் போனால் வண்டி குடை சாயும். டிராக்டர் விபத்துகளில் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் இந்தக் கவிழ்தல்தான். அதனால் கீழே உள்ள ஒப்பீட்டையும் அந்த வரிசையிலேயே செய்திருக்கிறேன்.

## கடைக்குப் போகும் முன் நிலத்தை அளங்கள்

சரிவு. சரியாக 100 செ.மீ. நீளமுள்ள நேரான பலகை, ஒரு ரசமட்டம், ஒரு டேப் போதும். பலகையின் ஒரு முனையை மேட்டுப் பக்கம் தரையில் வைத்து, ரசமட்டத்தின் குமிழி நடுவுக்கு வரும்வரை மறுமுனையைத் தூக்குங்கள். தூக்கிய முனைக்கும் தரைக்கும் நடுவே 20 செ.மீ. இருந்தால் சரிவு 20 சதவீதம், அதாவது சுமார் 11 டிகிரி. 27 செ.மீ. என்றால் 15 டிகிரி, 36 செ.மீ. என்றால் 20 டிகிரி. டிகிரியையும் சதவீதத்தையும் கலந்து பேசுவதால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. 100 சதவீதச் சரிவு என்பது 45 டிகிரி. விற்பவர் "30 வரை ஏறும்" என்று சொன்னால் எது 30 என்று கேட்டுவிடுங்கள்.

மொத்த நிலத்தின் சராசரி இங்கே உதவாது. டிராக்டர் போயே ஆக வேண்டிய இடங்களில் எது மிகச் செங்குத்தோ, அதுதான் அளவைத் தீர்மானிக்கும். சரிவுக்குக் குறுக்கே ஓட்ட வேண்டிய இடம் 15 டிகிரியைத் தாண்டினால் அதை நான் டிராக்டர் கணக்கிலேயே சேர்க்க மாட்டேன். மரமோ புல்லோ வளர்க்கலாம், கையால் தள்ளும் இயந்திரத்தால் பார்த்துக்கொள்ளலாம். வண்டியின் கையேட்டில் அதைவிடக் குறைவாக எல்லை போட்டிருந்தால், அந்த எல்லைதான் கணக்கு.

இடுக்கு. வழியில் எது மிகக் குறுகலோ, அதை அளங்கள்: கேட், பாலம், மரங்களுக்கு நடுவே உள்ள சந்து, படிகளாக வெட்டிய நிலத்தின் அகலம். விளிம்பு ஓரம் ஓட்டுவதற்கு ஒரு பழைய விதி இருக்கிறது. பள்ளம் எவ்வளவு ஆழமோ, குறைந்தது அவ்வளவு தூரம் விளிம்பிலிருந்து தள்ளியே சக்கரம் போக வேண்டும். 3 மீட்டர் அகலப் படியின் வெளிப்பக்கம் 1 மீட்டர் இறங்கினால், உங்களுக்குக் கிடைப்பது 2 மீட்டர்தான். இந்த ஒரு கணக்கு போட்டாலே பெரிய டிராக்டர் ஆசை பலருக்கு அடங்கிவிடும்.

சுமை. ஏற்றி இறக்கப்போகும் மிகப் பெரிய சுமை எது? எரு, விறகு, தண்ணீர்த் தொட்டி, அறுவடை, எதுவாக இருந்தாலும் டிரெய்லரின் சொந்த எடையையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1,000 லிட்டர் தண்ணீர் என்பது 1,000 கிலோ, தொட்டியும் சக்கரமும் தனி. அரைகுறையாக நிரம்பிய தொட்டியில் தண்ணீர் பக்கவாட்டில் ஆடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

உயரம். நிலம் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் அமைப்பு) இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 3 சதவீதத் திறனை இழக்கும். 1,500 மீட்டரில் 30 ஹெச்பி வண்டி ஏறக்குறைய 25 ஹெச்பி வண்டியாகத்தான் வேலை செய்யும். மலை நிலத்துக்கு டர்போ எஞ்சின் வெறும் ஆடம்பரமில்லை.

## எடை: கணக்கை இறக்கத்தில் போடுங்கள்

ஏற்றத்துக்கு எவ்வளவு திறன் வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அது பெரும்பாலும் சமாளிக்கக்கூடிய அளவுதான். டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்து 2,500 கிலோ, சரிவு 20 சதவீதம், வேகம் மணிக்கு 6 கி.மீ. என்றால், புவியீர்ப்பை எதிர்த்து ஏற மட்டும் 11 ஹெச்பி வரை ஆகும். மண் இழுப்பதற்கும் கியர்பெட்டியில் வீணாவதற்கும் இன்னும் கொஞ்சம் சேர்த்தாலும் 25 ஹெச்பி வண்டி ஏறிவிடும்.

இறங்குவதுதான் விஷயம். 20 சதவீதச் சரிவில் எந்த எடையும் தன்னில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு விசையோடு கீழே தள்ளும். 1,000 கிலோ டிரெய்லர் 200 கிலோ அளவுக்குத் தள்ளும். 700 கிலோ டிராக்டரின் சொந்தத் தள்ளல் 140. மொத்தம் 340 கிலோ விசையை டயர்கள் பிடித்து நிறுத்த வேண்டும். உதிரி மண்ணில் டயரின் பிடிப்பு, அதன் மேல் இருக்கும் எடையில் பாதி என்று வைத்துக்கொள்வோம். நான்கு சக்கரமும் பிடித்தால் 350 கிலோ. மயிரிழையில் தப்பிக்கிறோம்.

ஆனால் இந்த அளவு டிராக்டர்கள் பலவற்றில் பிரேக் பின்சக்கரங்களில் மட்டும்தான். முன்சக்கர டிரைவையும் (ஃபோர் வீல் டிரைவ்) போட்டிருந்தால்தான் முன்சக்கரமும் அந்தப் பிரேக்கில் சேரும். போடாமல் இறங்கினால் எடை முன்னால் சாய்ந்து, பின்டயர் இரண்டுக்கும் மிஞ்சுவது பாதி எடையோ அதற்கும் குறைவோ. பிடிப்பு 175 கிலோ, தள்ளல் 340. சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கிக்கொண்டே போகும், அப்போது பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் பயன் இல்லை.

அதே டிரெய்லரை 1,400 கிலோ டிராக்டரில் மாட்டுங்கள். தள்ளல் 480, நான்கு சக்கரப் பிடிப்பு 700. நிம்மதியான இடைவெளி. ஆனால் ஃபோர் வீல் டிரைவ் இல்லாத அதே 1,400 கிலோ வண்டியில் பிடிப்பு 350 மட்டுமே, அதுவும் வழுக்கும். எந்த அளவை எடுத்தாலும் சரிவு நிலத்துக்கு ஃபோர் வீல் டிரைவை நான் விட்டுக்கொடுக்கச் சொல்லாததற்கு இதுதான் காரணம். இறக்கத்தில் அது பிரேக்கின் பாதி.

இதிலிருந்து ஒரு விதி எடுக்கலாம். பிரேக் இல்லாத டிரெய்லரின் மொத்த எடை, டிராக்டரின் எடையில் முக்கால் பங்கைத் தாண்டக் கூடாது. 20 சதவீதத்தைவிடச் செங்குத்தான இடத்தில் அதையும் குறைக்க வேண்டும், ஈரக் களிமண்ணில் இன்னும் குறைக்க வேண்டும்.

கனமான டிராக்டர் வழுக்காது என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. சுமை இல்லாமல் போகும்போது அது உண்மையில்லை. எடை கூடினால் பிடிப்பு கூடும். கீழே இழுக்கும் விசையும் அதே அளவு கூடும். பின்னால் இழுத்துவரும் சுமையைச் சமாளிப்பதில்தான் எடை உதவும்.

## அகலம்: டிராக்டர் நிற்பது முக்கோணத்தில்

டிராக்டரின் முன் அச்சு நடுவில் ஒரு ஊசியில் ஆடும்படி பொருத்தப்பட்டிருக்கும். முன்சக்கரம் ஒன்று மேடேறினாலும் வண்டி நேராக இருப்பதற்காக அந்த ஏற்பாடு. அதனால் கவிழும் கணக்கில் வண்டி தாங்கி நிற்பது பின்சக்கரம் இரண்டு, முன்னால் அந்த ஊசி என மூன்று புள்ளிகளில். எடையின் மையம் இந்த முக்கோணத்துக்கு வெளியே போனால் கவிழும்.

முன்பக்க லோடரில் மண் அள்ளி உயர்த்தும்போது மையம் மேலே போவதோடு முன்னாலும் நகர்கிறது. முன்னால் முக்கோணம் குறுகலானது. அதனால்தான் சமநிலத்தில் சாதுவாக இருந்த லோடர் வண்டி, சரிவில் பக்கெட்டைத் தூக்கியதும் திடீரென்று சாய்கிறது. பின்னால் எடை கட்டுவதும், பக்கெட்டை முழங்கால் உயரத்துக்கு மேல் தூக்காமல் போவதும் இதற்காகத்தான்.

குறுகிய வண்டிக்கு இன்னொரு சங்கடம் உண்டு. மேட்டுப் பக்கச் சக்கரம் 15 செ.மீ. கல் ஒன்றின் மேல் ஏறுகிறது என்று வையுங்கள். சக்கரங்களுக்கு இடையே 90 செ.மீ. உள்ள சின்ன டிராக்டர் அந்த ஒரு கல்லால் 9 டிகிரிக்கு மேல் சாயும். 140 செ.மீ. உள்ள வண்டி 6 டிகிரி சாயும். 12 டிகிரிச் சரிவில் ஒன்று 21-ஐத் தாண்டுகிறது, மற்றது 18-ல் நிற்கிறது. புல் மூடிய நிலத்தில் அந்தக் கல் கண்ணிலும் படாது.

## மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | சின்னது | நடுத்தரம் | பெரியது |
|---|---|---|---|
| எஞ்சின் | 15–24 ஹெச்பி | 25–38 ஹெச்பி | 40–55 ஹெச்பி |
| வெறும் எடை, சுமாராக | 600–900 கிலோ | 1,000–1,500 கிலோ | 1,700–2,300 கிலோ |
| வெளி அகலம், சுமாராக | 1–1.2 மீ. | 1.3–1.6 மீ. | 1.6–1.9 மீ. |
| 20% இறக்கத்தில் பிரேக் இல்லாத டிரெய்லர், சுமையோடு | அரை டன் | ஒரு டன் | ஒன்றரை டன் |
| ரோட்டவேட்டர் (சுழன்று மண்ணைக் கிளறும் கருவி) | 3 அடி சுற்றி | 4–5 அடி | 5–6 அடி |
| பொருந்தும் இடம் | குறுகிய படிகள், தோட்டச் சந்துகள் | கலவையான சரிவு, நடுத்தரச் சுமை | அகலமான மென்சரிவு, கனச் சுமை |
| எங்கே தடுமாறும் | சுமை, கல் மேடு | மிகக் குறுகிய படிகள் | விளிம்பு, பாதை, ஈர மண் |

டிரெய்லர் வரிசை மேலே சொன்ன விதியிலிருந்து நான் எடுத்த சுமாரான எல்லை. உங்கள் வண்டி அந்த வகையில் எடை குறைந்ததாக இருந்தால் முக்கால் பங்கு விதிதான் கணக்கு. கையேடு குறைவாகச் சொன்னால் கையேட்டைக் கேளுங்கள்.

## சின்னது: 15–24 ஹெச்பி

இரண்டு மீட்டருக்கும் குறைவான இடத்தில் வேலை செய்ய வேண்டியவர்களுக்கு இதைவிட்டால் வேறு வழியில்லை. மரங்களுக்கு நடுவே நுழையும், சிறிய வட்டத்தில் திரும்பும், மண்ணை அதிகம் அமுக்காது. புல் வெட்டவும், மேல்மண் கிளறவும், மருந்து தெளிக்கவும் தாராளமாகப் போதும்.

மறைந்திருக்கும் செலவு நேரம்தான். ஒரு டன் எருவை இரண்டு நடையாகக் கொண்டுபோக வேண்டும், ஒவ்வொரு நடையும் ஓர் இறக்கம். பின்னால் ரோட்டவேட்டரைத் தூக்கியதும் ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகும், ஸ்டீயரிங் கேட்காது. அதற்கு முன்பக்க வெயிட் தனியாக வாங்க வேண்டியிருக்கும். இருப்பதிலேயே சின்ன மாடல்களில் வரும் கேட்டகரி 0 இணைப்புக்கு (பின்பக்கம் கருவி மாட்டும் பகுதியின் மிகச் சிறிய அளவு) ஏற்ற கருவிகள் குறைவு. அடுத்த அளவான கேட்டகரி 1 உள்ள மாடலாகப் பார்த்து எடுத்தால் பின்னால் கை கொடுக்கும். தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி குறைவு என்பதால் வாய்க்கால் கரைகளில் அடி தட்டும்.

சரிவு 10 டிகிரிக்குள், சுமை அரை டன்னுக்குள், இடம் குறுகல். இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் தயங்காமல் சின்னதை எடுங்கள். "பிறகு பெரிய வேலை வந்தால்?" என்று பயந்து பெரிதாகப் போக வேண்டாம். அந்தப் பெரிய வேலை வருஷத்தில் இரண்டு நாள் என்றால் வாடகைக்கு வண்டி அழைப்பதே மேல்.

## நடுத்தரம்: 25–38 ஹெச்பி

சரிவு நிலம் வைத்திருக்கும் பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு டன் டிரெய்லரை இறக்கத்தில் அடக்கும் எடை, கல்லில் ஏறினால் தாங்கும் அகலம், கேட்டகரி 1 கருவிகள் எல்லாம் மாட்டும் வசதி மூன்றும் ஒன்றாகக் கிடைப்பது இந்த அளவில்.

ஹெச்பி எண்ணைப் பார்க்கும்போது பிடிஓ ஹெச்பியை, அதாவது கருவிகளைச் சுற்றும் பின்பக்கத் தண்டில் கிடைக்கும் திறனை, கேளுங்கள். ரோட்டவேட்டரையும் புல்வெட்டியையும் சுற்றுவது அதுதான். எஞ்சினில் 30 இருந்தால் பிடிஓவில் 24 முதல் 26 வரை கிடைக்கும். கியருக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தை ஓட்டும் ஹைட்ரோஸ்டேட்டிக் வண்டியில் இன்னும் கொஞ்சம் குறையும். ஏற்றத்தில் ரோட்டவேட்டர் ஓட்டும்போது அதே எஞ்சின் வண்டியையும் ஏற்ற வேண்டும். சமநிலத்தில் 5 அடி இழுக்கும் வண்டிக்குச் சரிவில் 4 அடி மாட்டுங்கள். கருவியை ஓர் அளவு குறைப்பது டிராக்டரை ஓர் அளவு கூட்டுவதைவிட எப்போதும் மலிவு.

மறைந்த செலவுகளும் உண்டு. எடை சில மாடல்களில் ஏமாற்றும். 35 ஹெச்பி போட்டு 1,000 கிலோவில் முடித்திருப்பார்கள். சரிவுக்கு 28 ஹெச்பியும் 1,350 கிலோவும் உள்ள வண்டியே நல்லது. எடை பற்றாவிட்டால் பின்டயரில் தண்ணீர் நிரப்பலாம். வால்வை மேலே வைத்து அந்த மட்டம் வரை, ஏறக்குறைய முக்கால் பங்கு நிரப்புவது வழக்கம். இந்த எடை தாழ்வாக உட்காருவதால் நிலைப்பும் கூடும். குளிரில் உறையும் இடமாக இருந்தால் உறையாத கரைசல் வேண்டும். இரும்பு வீல் வெயிட்டுக்கு விலை கூடுதல், ஆனால் பஞ்சர் ஒட்டும்போது தொல்லை இல்லை.

இன்னொன்று, சில நாடுகளின் புகை விதிகள் 19 கிலோவாட் என்ற எல்லையில், அதாவது 25 ஹெச்பி சுற்றி, கடுமையாகின்றன. அதற்கு மேல் உள்ள எஞ்சின்கள் பலவற்றில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கும். அது அவ்வப்போது சூடேறித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துவதே வழக்கம் என்றால் அடைத்துக்கொள்ளும். அப்படிப்பட்டவர்கள் இந்த எல்லைக்குச் சற்றுக் கீழே உள்ள, எடை கூடுதலான வண்டியைத் தேடலாம்.

## பெரியது: 40–55 ஹெச்பி

அகலமான மென்சரிவு, நீளமான ஓட்டம், டன் கணக்கில் சுமை, ஆழ உழவு. இவை இருந்தால் இதுதான் சரி. நடுத்தர வண்டியை இந்த வேலையில் போட்டால் கிளட்சும் பிரேக்கும் சீக்கிரம் தேயும், ஓட்டுபவரும் களைத்துப்போவார்.

ஆனால் இதன் செலவு வண்டி விலையோடு முடியாது. 1.5 மீட்டர் பாதையை 2.5 மீட்டராக்க வேண்டும் என்றால் மலைச்சரிவில் அது வெறும் மண் வெட்டுவது இல்லை. உள்பக்கம் வெட்டிய மண் சரியாமல் கல் அடுக்க வேண்டும், வெளிப்பக்கம் கரை கட்ட வேண்டும், தண்ணீர் வடிய வாய்க்கால் வேண்டும். பாதையை அகலப்படுத்திவிட்டு வடிகாலை விட்டுவிட்டால் அடுத்த பெருமழையில் பாதையே ஓடையாகிவிடும். ஓடை மேல் போட்ட சின்னப் பாலம் 2 டன் வண்டியையும் சுமையையும் தாங்குமா என்பதையும் பார்க்க வேண்டும். ஈர மண்ணில் இதன் சக்கரத்தடம் ஆழமாக விழும், அந்தத் தடத்தில்தான் மண்ணரிப்பு தொடங்கும். வண்டி சரிவில் மாட்டிக்கொண்டால் இழுத்து வெளியே கொண்டுவர இதைவிடப் பெரிய வண்டி வர வேண்டும், அதற்கு வழி இருக்கிறதா?

அகலம் இருப்பதால் ஓட்டுபவருக்கு ஒரு தைரியம் வந்துவிடுகிறது. நடுத்தர வண்டியில் போகத் தயங்கிய இடத்துக்கும் போய்விடுகிறார். வாங்கும்போதே எங்கே போகக் கூடாது என்று குறித்துவைத்துவிடுங்கள்.

## கியரா, ஹைட்ரோஸ்டேட்டிக்கா?

கியர் வண்டி திறனை வீணாக்காது. கீழ் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டு இறக்கும். நிபந்தனை ஒன்றுதான்: இறங்கத் தொடங்கும் முன்பே கியரைத் தேர்ந்துவிட வேண்டும். பாதியில் கிளட்சை மிதித்தால் அந்தப் பிடி அந்த நொடியே போய்விடும். இடது, வலது பிரேக் மிதிகளைச் சேர்த்துப் பூட்டியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

ஹைட்ரோஸ்டேட்டிக்கில் மிதியைத் தளர்த்தினால் வண்டி மெல்ல நிற்கும், லோடர் வேலைக்கும் புல் வெட்டவும் சுகம். ஆனால் சரிவில் ஒரு பின்சக்கரம் அந்தரத்தில் தூக்கினால் அது தாராளமாகப் பின்னோக்கிச் சுழன்று, பிடி மொத்தமும் போய்விடலாம். இதற்கும் மருந்து ஃபோர் வீல் டிரைவ்தான். நீண்ட ஏற்றம், கனச் சுமை என்றால் கியர். அடிக்கடி நின்று திரும்பும் வேலை என்றால் ஹைட்ரோஸ்டேட்டிக்.

டயரில் யோசிக்க அதிகமில்லை. ஆழமான கட்டை கொண்ட விவசாய டயர்தான் சரிவுக்கு. புல்தரை டயர் ஈரத்தில் வழுக்கும்.

கவிழ்ந்தால் காக்கும் ரோல்பாரும் சீட்பெல்ட்டும் சேர்ந்துதான் வேலை செய்யும். மடிக்கும் ரோல்பாரை மரக்கிளைக்காக மடித்திருக்கும் நேரத்தில் பெல்ட் போடக் கூடாது. நிமிர்த்திய உடனே போட வேண்டும். பழைய வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று ரோல்பார் இல்லாததை எடுப்பதாக இருந்தால், அந்த வண்டிக்குப் பொருந்தும் ரோல்பாரின் விலையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். பொருந்துவதே கிடைக்கவில்லை என்றால் அந்த வண்டி சரிவுக்கு வேண்டாம். அதே போல எதை இழுத்தாலும் டிராபாரில் (பின்னால் தாழ்வாக உள்ள இழுவைக் கம்பி) மட்டும் மாட்டுங்கள். டாப் லிங்கிலோ (கருவியைப் பிடிக்கும் மேல் இணைப்பு) அச்சிலோ சங்கிலி கட்டி மரத்தை இழுத்தால், முன்பக்கம் தூக்கி வண்டி பின்னால் மல்லாந்துவிடும். இரண்டு நொடிகூட ஆகாது, சுதாரிக்க நேரமே இருக்காது.

## பணம் கட்டும் முன்

விற்பவரை உங்கள் நிலத்துக்கே வண்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மண் காய்ந்திருக்கும் நாளாக இருக்கட்டும். நீங்கள் வாங்கப்போகும் கருவியையே மாட்டி, அளந்துவைத்த இடுக்கில் திருப்பிப் பாருங்கள். கருவியைத் தூக்கியபடி ஏற்றத்தில் போகும்போது ஸ்டீயரிங் லேசாகிறதா என்று கவனியுங்கள். அடுத்து டிரெய்லரில் வழக்கமான சுமையில் பாதியை ஏற்றி, ஃபோர் வீல் டிரைவில், கீழ் கியரில் இறங்கி, நடுவில் நிறுத்துங்கள். கைப்பிரேக் பிடிக்கிறதா, ஏற்றத்தில் பாதியில் நின்ற வண்டி பின்னால் உருளாமல் மறுபடி கிளம்புகிறதா? இந்த இரண்டில் ஒன்று சந்தேகமாக இருந்தாலும் அடுத்த எடை அளவைப் பாருங்கள். இரண்டும் சுலபமாக நடந்தால், ஹெச்பி நீங்கள் நினைத்ததைவிட ஐந்து குறைவாக இருந்தாலும் அந்த வண்டியையே எடுக்கலாம்.